குழாய் நாட்களை எண்ணுவோம்

மூத்திர டியூப் போட்ட நோயாளிக்கு நாலைந்து நாளில் குளிர்காய்ச்சல் வந்தால் வார்டில் யாரும் திடுக்கிடுவதில்லை. டியூப் போட்டால் இன்ஃபெக்‌ஷன் வரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு ஒரு ஆன்டிபயாடிக் எழுதுகிறார்கள். வீட்டார் தலையாட்டிவிட்டு மருந்துக்கடைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் இந்த நம்பிக்கைக்கு மூன்று பகுதிகள் உண்டு. இந்தத் தொற்று தவிர்க்க முடியாதது என்பது முதல் பகுதி. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஓரளவு தடுக்கலாம் என்பது இரண்டாவது. விலை உயர்ந்த குழாய் வாங்கிப் போட்டால் வராது என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு என்பதுதான் என் வாதம். இந்தத் தொற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. அதைத் தடுப்பது மருந்தோ குழாயின் விலையோ அல்ல. குழாய் உண்மையிலேயே தேவையா, தேவையென்றால் எந்த நாளில் எடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை நாள் தவறாமல் கேட்டு, பதிலை எழுதி வைக்கும் ஒழுங்குதான் தடுக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த வாதத்துக்குத் தனி அவசரம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44 இந்த மாவட்டத்தை ஊடறுத்துப் போகிறது. கனரக லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் ஒரே சாலையில் ஓடுவதால் இடுப்பெலும்பு முறிவும் தலைக்காயமும் முதுகெலும்புக் காயமும் இங்கே அன்றாட விஷயங்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு முதல் மணிநேரத்திலேயே சிறுநீர்க் குழாய் போடப்படும். பக்கவாதம் வந்த முதியவர்கள், புராஸ்டேட் வீங்கிய ஆண்கள், அறுவைச் சிகிச்சைக்குப் படுக்கும் தொழிலாளர்கள் இன்னொரு வரிசை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரசவம் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அநேகமாக ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஒரு குழாய் போடப்படுகிறது. நல்ல உடல்நிலையில் இருக்கும் இளம்பெண்கள்தான் இந்தக் குழாயைப் பெரும் எண்ணிக்கையில் சுமக்கிறார்கள். ஆகவே இது ஐசியுவில் கிடக்கும் சில நோயாளிகளின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

முதலில் தொற்று எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். இன்று எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பது அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930-களில் உருவாக்கிய பலூன் குழாய். நுனியிலுள்ள சிறு பலூன் சிறுநீர்ப்பைக்குள் ஊதப்பட்டு, குழாய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். இயல்பாகச் சிறுநீர்ப்பை நிரம்பி, முழுதாக வடிந்து, தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. குழாய் இருக்கும்போது பலூனுக்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கும். கழுவும் வேலை நின்றுவிடுகிறது. ஆசனவாய்ப் பக்கத்துக் குடல் கிருமிகள் குழாயின் வெளிச்சுவரைப் பற்றி மேலேறுகின்றன. இணைப்பைப் பிரிக்கும்போதும், யூரின் பையிலிருந்து சிறுநீர் பின்னோக்கிப் போகும்போதும் இன்னொரு கூட்டம் குழாயின் உள்வழியாக ஏறுகிறது. இரண்டு கூட்டமும் குழாயின் மேல் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியேறுகின்றன. இரத்தத்தில் வரும் ஆன்டிபயாடிக் அந்தப் படலத்துக்குள் சரியாக எட்டுவதில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு என்று மருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன. நாளொன்றுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டே நாளில் எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் கிருமி ஏறியிருக்கும். பத்து நாள் விட்டுவைத்தால் பத்தில் நால்வருக்கு ஏறியிருக்கும். ஒரு மாதம் இருந்தால் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு. குழாய் ஒன்றுதான், போட்ட கையும் ஒன்றுதான். மாறியது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே.

தவிர்க்க முடியாதது என்ற வாதத்தை வரலாறும் ஒருமுறை உடைத்திருக்கிறது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் குழாயின் மறுமுனை திறந்த பாட்டிலுக்குள் விடப்பட்டது. அந்த முறையில் நாலு நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருந்தது. அன்றைய மருத்துவர்களும் அதை விதி என்றே எடுத்துக்கொண்டார்கள். 1966-ல் கால்வின் குனினும் ரெஜினா மெக்கார்மக்கும், குழாயும் பையும் பிரிக்கப்படாமல் மூடியபடி இருந்தால் நிலைமை வெகுவாக மாறுகிறது என்று காட்டினார்கள். புதிய மருந்து எதுவும் வரவில்லை. இணைப்பைத் திறக்காதே என்ற ஒழுங்கு மட்டுமே வந்தது. அந்த ஒழுங்கு தொற்றை ஒழித்துவிடவில்லை, தள்ளிப்போட்டது. மூடிய பையிலும் நாளாக நாளாகக் கிருமி ஏறும் என்பதால், அந்த ஆய்வின் தர்க்கம் தானாகவே அடுத்த படிக்கு இட்டுச் செல்கிறது: தள்ளிப்போட்ட அந்த இடைவெளிக்குள் குழாயை எடுத்துவிட வேண்டும். நம் வார்டுகள் மூடிய பையை ஏற்றுக்கொண்டன. சீக்கிரம் எடுப்பதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

எடுத்தால் உண்மையில் குறைகிறதா? குழாய் இருப்பதை மருத்துவருக்கு நினைவூட்டுவது, குறித்த நாளில் தானாகவே முடிவுக்கு வரும் உத்தரவு எழுதுவது ஆகிய எளிய ஏற்பாடுகளைச் சோதித்த ஆய்வுகளை ஜெனிஃபர் மெடிங்ஸ் குழுவினர் 2010-ல் தொகுத்தார்கள். தொற்று விகிதம் பாதிக்கு மேல், 52 விழுக்காடு, குறைந்திருந்தது. அமெரிக்காவில் 603 மருத்துவமனைகளில் நடந்த பெரிய முயற்சியின் முடிவை சஞ்சய் செயின்ட் குழுவினர் 2016-ல் வெளியிட்டார்கள். சாதாரண வார்டுகளில் 1,000 குழாய் நாட்களுக்கு 2.28 ஆக இருந்த தொற்று 1.54 ஆக இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிவு. அதே ஆய்வில் ஐசியுக்களில் மாற்றம் தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் வடிகிறது என்று பார்த்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நிலையிலுள்ள நோயாளிக்குக் குழாய் தேவைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றியபின்னும் அதே குழாய் தொடர்வதுதான் கேள்விக்குரியது. கையிலுள்ள ஆதாரங்களின்படி செயல்பட்டாலே இந்தத் தொற்றுகளில் 65 முதல் 70 விழுக்காடு வரை தடுக்கலாம் என்று 2011-ல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. மூன்றில் இரண்டைத் தடுக்க முடிகிற ஒன்றை விதி என்று அழைப்பது நியாயமில்லை.

பிறகு ஏன் எடுப்பதில்லை? பெரும்பாலும் யாரும் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்வதில்லை. யாரும் முடிவே செய்வதில்லை. 2000-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தங்கள் நோயாளிக்குக் குழாய் இருக்கிறது என்பதே 28 விழுக்காடு நேர்வுகளில் மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பதவி உயர உயர அறியாமையும் உயர்ந்தது. மருத்துவ மாணவர்களிடம் 21 விழுக்காடாக இருந்தது பொறுப்பு மருத்துவர்களிடம் 38 விழுக்காடாக இருந்தது. மேலே போர்த்திய போர்வையும் கட்டிலுக்கு அடியில் தொங்கும் பையும் ரவுண்ட்ஸ் வரும் கண்ணில் படுவதில்லை. நம் எல்லைப் பகுதியில் இந்த மறதிக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் விபத்துக்குள்ளானவர் ஓசூருக்கு வருகிறார், அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருவுக்குப் போகிறார், அறுவைச் சிகிச்சை முடிந்து காப்பீடோ கைப்பணமோ தீர்ந்ததும் திரும்பி வருகிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்தவருக்கு இது தர்மபுரி அல்லது சேலம் என்று அமையும். இரண்டு மாநிலம், மூன்று மருத்துவமனை, மூன்று கேஸ் ஷீட். ஸ்கேன் படமும் இரத்தப் பரிசோதனையும் கூடவே பயணிக்கின்றன. குழாய் போட்ட தேதியும் போட்ட காரணமும் முதல் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகின்றன. மூன்றாவது இடத்தில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கு அது பிறவியிலேயே கூட வந்த உறுப்பு போலத் தெரிகிறது.

பயணத்தின்போது நடப்பதையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது யூரின் பையைத் தூக்கி அவருடைய வயிற்றின் மேலோ தொடைகளுக்கு நடுவிலோ வைத்துவிடுகிறார்கள். ஆம்புலன்ஸில் மணிக்கணக்கில் அது அங்கேயே கிடக்கிறது. வராந்தாவில் நடக்கப் பழகும் நோயாளிக்குத் துணைக்கு வரும் உறவினர், குளுக்கோஸ் பாட்டிலைப் பிடிப்பதுபோல அதைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறார். பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே போன கணத்தில், பல மணிநேரம் பைக்குள் கிடந்து கிருமி பெருகிய சிறுநீர் திரும்பி உள்ளே போகலாம். கட்டிலில் மாட்டக் கொக்கி இல்லாவிட்டால் பை தரையில் கிடக்கும். காலி செய்யும்போது வடிகால் முனை பொதுவான ஒரு வாளியின் விளிம்பைத் தொடும். அதே வாளி அடுத்த கட்டிலுக்கும் போகும். அந்த உறவினருக்குத் தமிழோ தெலுங்கோ கன்னடமோ தெரிந்திருக்கலாம். சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியின் அறைத்தோழனாக இருந்தால் இந்தியோ ஒடியாவோ மட்டும் தெரிந்திருக்கலாம். பை இடுப்புக்குக் கீழே, தரைக்கு மேலே என்ற ஒரே வாக்கியத்தை அவருடைய மொழியில் சொல்ல ஒரு படம் ஒட்டிய அட்டை போதும். தொற்று விதியால் வருகிறது என்று நம்பும் இடத்தில் அந்த அட்டையை ஒட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, குழாய் இருக்கும்வரை ஒரு ஆன்டிபயாடிக் ஓடட்டும், பாதுகாப்பாக இருக்கும் என்பது. இதில் துளி உண்மை இல்லாமல் இல்லை. குழாயை எடுக்கும் நேரத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் தொற்று ஓரளவு குறைகிறது என்று 2013-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடம் நடந்தவை. ஒருவரைக் காக்க 17 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. குழாய் இருக்கும் நாளெல்லாம் மருந்து ஓடுவதற்கு அதில் ஆதரவு இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 நெறிமுறை, வழக்கமான தடுப்பு ஆன்டிபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. காரணம் எளிது. மருந்து முதலில் கொல்வது அதற்குப் பணியும் கிருமிகளை. குழாய் உள்ளே இருக்கும்வரை காலியான இடம் காலியாகவே இருக்காது. பணியாத கிருமிகள் வந்து குடியேறும். நோயாளிக்குத் தொற்று வராமல் போவதில்லை, கடினமான தொற்றாக வருகிறது. இதே மனப்போக்கின் இன்னொரு முகம்தான் காய்ச்சலோ வலியோ இல்லாதவருக்கும் யூரின் கல்ச்சர் அனுப்பிவிட்டு, கிருமி வளர்ந்ததாக ரிப்போர்ட் வந்ததும் மருந்தைத் தொடங்குவது. குழாய் இருப்பவருடைய சிறுநீரில் கிருமியும் சீழ் செல்களும் தெரிவது எதிர்பார்க்க வேண்டியதே. கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதையில் இரத்தம் கசியும் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர, அறிகுறி இல்லாதவருக்கு மருந்து கொடுப்பதால் பயனில்லை என்று நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன.

கடினமான தொற்று என்றால் எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தியக் கணக்கே இருக்கிறது. 2017-18-ல் 26 இந்திய மருத்துவமனைகளின் ஐசியுக்களைக் கண்காணித்த ஆய்வு 2022-ல் வெளியானது. மருத்துவமனையில் வந்த சிறுநீர்த் தொற்றுகளில் கிளெப்சியெல்லா கிருமியால் வந்தவற்றில் 76 விழுக்காடு, கடைசிக்கட்ட மருந்துகளான கார்பபெனெம் வகைக்கே பணியவில்லை. தொற்றுகளில் முதலிடம் பிடித்தது பாக்டீரியாவே அல்ல, கேண்டிடா என்ற பூஞ்சை. ஆன்டிபயாடிக் அதிகம் ஓடிய உடலில் செழிப்பது இந்தப் பூஞ்சைதான். தமிழ்நாடு இந்த ஆபத்தை அறியாத மாநிலம் அல்ல. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த வழிவரைபடத்துக்கே 2012 சென்னைப் பிரகடனம் என்றுதான் பெயர். 2014 முதல் வலுவான பல ஆன்டிபயாடிக்குகளை மருந்துக்கடைகள் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் இருக்கிறது. கடைவாசலில் மருந்தைக் கட்டுப்படுத்திவிட்டு, மருந்துக்கான தேவையை வார்டிலேயே நாள்தோறும் உற்பத்தி செய்தால் அந்த முயற்சி எங்கே போய் நிற்கும்?

இரண்டாவது எதிர்வாதம் பணம் இருப்பவர்களுடையது. வெள்ளி பூசிய குழாய், மருந்து தோய்த்த குழாய் என்று வந்துவிட்டதே, அதைப் போட்டால் என்ன என்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சோதனை முறையிலேயே பதில் இருக்கிறது. பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் 7,102 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. குறுகிய காலம் குழாய் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணக் குழாயோடு ஒப்பிடும்போது வெள்ளி பூசிய குழாயால் பலன் கிடைக்கவில்லை. நைட்ரோஃபுரால் தோய்த்த குழாயில் தெரிந்த குறைவு, நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. அதிக விலைக் குழாயின் மிகப் பெரிய தீங்கு அதன் விலைகூட அல்ல. நல்ல குழாய் போட்டிருக்கிறோம், இன்னும் சில நாள் இருக்கட்டும் என்ற துணிச்சலை அது கொடுத்துவிடுகிறது. கூட இருக்கும் ஒவ்வொரு நாளும் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பைத் தின்றுவிடும்.

மூன்றாவது எதிர்வாதத்தை மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது செவிலியர்களிடமிருந்து வருகிறது. இரவுப் பணியில் வார்டு நிறைய நோயாளிகள், ஒன்றிரண்டு பேர் மட்டுமே வேலையில். ஒவ்வொருவருக்கும் பெட்பேன் வைத்து, நனைந்த விரிப்பை மாற்றி, எழுந்து போகிறவரைத் தாங்கிப் பிடிக்க யாரால் முடியும்? குழாய் இருந்தால் அந்த வேலை இல்லை என்கிறார்கள். ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் குழாய் அந்தப் பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை, சில நாட்களுக்குத் தள்ளிப்போட்டு வட்டியோடு திருப்பித் தருகிறது. காய்ச்சல் வந்தால் நாளுக்கு மூன்று வேளை ஊசி, புதிய ஐவி லைன், இரத்தப் பரிசோதனை, கூடுதல் நாட்கள் படுக்கை என்று அதே செவிலியரின் தலையில்தான் எல்லாம் விழும். எழுந்து நடக்க வேண்டியவரைக் குழாய் கட்டிலோடு கட்டிப்போடுவதால் படுக்கைப் புண்ணும் காலில் இரத்தக்கட்டும் வர வழி பிறக்கிறது. ஆகவே செவிலியர் பணியிடங்களை நிரப்புங்கள் என்று கேட்பதும் குழாயை எடுங்கள் என்று கேட்பதும் எதிரெதிர்க் கோரிக்கைகள் அல்ல. பெட்பேனும் யூரினலும் கட்டிலருகே எப்போதும் இருக்க வேண்டும், கழிப்பறைக்குப் போகும் வழியில் கைப்பிடி இருக்க வேண்டும், வார்டில் தங்கும் வீட்டாருக்கு உதவும் முறையைக் கற்றுத்தர வேண்டும். ஆள் குறைவான இடத்தில் நோயாளியின் சிறுநீர்ப்பையை ஆளுக்குப் பதிலாக வைக்கும் ஏற்பாட்டை இயல்பு என்று ஏற்கக் கூடாது.

நான்காவது, எடுத்தபின் சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் மறுபடி போட வேண்டுமே, அதுவும் ஆபத்துதானே என்பது. சிலருக்கு அப்படி ஆகும். அதற்காக எல்லோருக்கும் விட்டுவைப்பது, சிலருடைய சிரமத்தைப் பலருடைய தொற்றால் ஈடுகட்டுவதாகும். எடுத்தபின் சில மணிநேரம் கவனித்து, சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து, தேவைப்பட்டால் ஒருமுறை வடித்துவிட்டுக் குழாயை உடனே எடுத்துவிடலாம். சிறுநீர் அடைப்பு இல்லாத ஆண்களுக்கு வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் இருக்கிறது. சிறுநீர் அளவை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு அளவு குறித்த யூரினலோ, நனைந்த டயப்பரின் எடையோ பல நேரங்களில் போதும். அறுவைச் சிகிச்சைக்காகப் போட்ட குழாயை, தொடர வேறு காரணம் இல்லையென்றால் 24 மணிநேரத்துக்குள் எடுக்கப் பார்க்க வேண்டும் என்பது நெறிமுறை. சிசேரியன் ஆன பெண்ணுக்கு மரத்துப்போன கால் சரியாகி எழுந்து நடக்கத் தொடங்கியதும் குழாயின் வேலை முடிந்துவிடுகிறது. அடைப்பு, தீவிர சிகிச்சை, அசையக் கூடாத முதுகெலும்பு அல்லது இடுப்பு முறிவு, சிறுநீர் பட்டு ஆறாத புண், இறுதிக்கால ஆறுதல் என்று நியாயமான காரணங்களின் பட்டியல் சிறியது. உறவினர் சிரமப்படுகிறார் என்பதோ கல்ச்சருக்குச் சிறுநீர் எடுக்க வேண்டும் என்பதோ அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் மருத்துவமனையில் அப்படியெல்லாம் தொற்றே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. எத்தனை பேருக்கு எத்தனை நாள் குழாய் இருந்தது என்ற கணக்கு இல்லாத இடத்தில் தொற்று இல்லை என்பதற்குப் பொருள் இல்லை. எண்ணாததால்தான் அது தெரியவில்லை. எண்ணுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தொற்றை 1,000 குழாய் நாட்களுக்கு இத்தனை என்று மட்டும் பார்த்தால், தேவையற்ற குழாய்களை எடுத்துவிட்ட நல்ல மருத்துவமனைக்கே விகிதம் கூடித் தெரியலாம். மிச்சமிருப்பவர்கள் எல்லாம் மோசமான நிலையில் உள்ளவர்கள் என்பதே காரணம். ஆகவே மொத்த நோயாளி நாட்களில் குழாய் நாட்கள் எத்தனை பங்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தண்டனை மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. இந்தத் தொற்றுக்கான கூடுதல் பணத்தை 2008-ல் அமெரிக்க அரசின் மெடிகேர் நிறுத்தியது. அதனால் தொற்று குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2012-ல் ஓர் ஆய்வு கண்டது. காப்பீட்டுப் பணத்தைப் பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய காயகல்ப் திட்டம் மருத்துவமனைகளின் சுத்தத்துக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் மதிப்பெண் தருகிறது. 2020-ல் வந்த தேசியத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி நூலும் இருக்கிறது. பளிச்சென்ற தரை தேவைதான். ஆனால் எவ்வளவு சுத்தமான வார்டிலும் ஏழாவது நாள் குழாய் ஏழாவது நாள் குழாய்தான்.

இந்த ஒழுங்கு நம்மூருக்குப் புதிதோ அந்நியமோ அல்ல. ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. கடைசியில் பழுதான வண்டியைப் பிரித்தெடுத்துச் சரிசெய்வதைவிட, பழுது பிறக்கும் படியிலேயே அதைத் தடு, ஒவ்வொரு படியையும் எண்ணி எழுது, வேலை செய்கிறவரே வரிசையை நிறுத்தலாம் என்பதுதான் அந்தப் பரிசுக்குப் பின்னாலிருக்கும் தர நெறி. இந்த ஊரின் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு அது அன்றாட வேலைமுறை. தொற்று வந்தபின் ஆன்டிபயாடிக் எழுதுவது கடைசிப் படியில் பழுது பார்ப்பது. குழாய் போடும் படியிலும் எடுக்கும் படியிலும் கேள்வி கேட்பதே மூலத்தில் தடுப்பது. மூன்றாவது கூறு இன்னும் முக்கியமானது. தொழிற்சாலையில் வரிசையை நிறுத்த ஆபரேட்டருக்கு உரிமை உண்டு. வார்டில், எழுதி ஒப்புக்கொண்ட காரணங்களில் எதுவும் இல்லாத குழாயை எடுக்கும் உரிமை செவிலியருக்கு இருக்க வேண்டும். டாக்டர் எழுதினால்தான் கை வைப்பேன் என்ற நிலை மாறாமல் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் குழாய்கள் கூடுதல் நாட்களைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும். செவிலியர் எடுப்பதற்கான நடைமுறையைத் தொற்றுத் தடுப்பு நெறிமுறைகளே பரிந்துரைக்கின்றன. இதை மருத்துவரின் அதிகாரத்தைக் குறைப்பதாகப் பார்க்கத் தேவையில்லை. அவர் முன்கூட்டியே எழுதிய முடிவை உரிய நேரத்தில் நிறைவேற்றுவதுதான் இது.

வீடுகளை விட்டுவிட்டால் இந்த வாதம் பாதியில் நின்றுவிடும். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே செவிலியர் போவது அதன் ஒரு பகுதி. இவர்களில் பலருக்குக் குழாய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இருக்கும். அவர்களுடைய சிறுநீரில் எப்போதும் கிருமி இருக்கும் என்பதால், கலங்கலாக இருக்கிறது, நாற்றம் வருகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல், நடுக்கம், புதிய குழப்பம், அடிவயிற்று வலி என்று அறிகுறி வந்தால், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட பழைய குழாயை மாற்றிவிட்டுப் புதிய குழாயிலிருந்து கல்ச்சர் எடுக்க வேண்டும். முதுகெலும்பு அடிபட்டவர்களில் கை நன்றாக இயங்குபவர்கள், சுத்தமான குழாயால் நாளுக்குச் சில முறை தாங்களே வடித்துவிட்டு எடுத்துவிடலாம் என்று ஜேக் லேபிடெஸ் 1972-லேயே காட்டியிருக்கிறார். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டுக் கால் செயலிழந்த இருபத்தைந்து வயது இளைஞர் வாழ்நாள் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு திரிவதும், வடித்துவிட்டு வேலைக்குப் போவதும் ஒன்றல்ல. இந்தப் பயிற்சியைத் தரும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டு வாசல்வரை வருகிறார்கள். குழாய் போட்ட தேதி, காரணம், அடுத்து என்ன என்று எழுதிய ஒரு தாளை மருத்துவமனை கொடுத்தனுப்பினால் அவர்களால் அதைச் செய்ய முடியும்.

ஆகவே கேட்பது பெரிய தொகையோ புதிய கட்டடமோ அல்ல. குழாய் போடும்போதே போட்ட தேதியும் மணியும் காரணமும் மார்க்கர் பேனாவால் பையின் மேலும், மையால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலும் எழுதப்பட வேண்டும். ரவுண்ட்ஸில் ஒவ்வொரு குழாய்க்கும் இன்றைக்கு இது ஏன் என்று கேட்க வேண்டும், பதில் இல்லாத குழாயைச் செவிலியர் எடுத்துவிட வேண்டும். வார்டின் அறிவிப்புப் பலகையில் இந்த மாதத்தின் குழாய் நாட்களும் தொற்றுகளும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். மருத்துவமனை மாறும்போது டிஸ்சார்ஜ் அட்டையில் குழாயின் தேதி கட்டாயமாக இடம்பெற வேண்டும், அது தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்குப் போனாலும் சரி, அங்கிருந்து இங்கே வந்தாலும் சரி. நோயாளியின் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவரிடம் டியூப் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. அந்தக் கேள்விக்குத் தேதி சொல்ல முடியாத மருத்துவமனை, தொற்று தன் கையில் இல்லை என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறது.